மிஷினைப் பார்த்து ‘சீ’ சொல்லாத குற்றம்

போடிநாயக்கனூர்,
11-12-1988

அன்பு மாப்பிள்ளை பால்பாண்டிக்கு,

உன் தாய்மாமன் அழகுமலை மனமார ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அத்தை சுந்தரம்மாளும் சௌக்கியம். ராசிங்காபுரத்தில் உன் அம்மாவும் சௌக்கியம். போன வாரம் சந்தைக்கு வந்தவள் உனக்குப் பெண் பார்ப்பது பற்றிப் பேசினாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். உன் பெயரைக் காதால் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பெங்களூரில் உன் உடம்பும் அந்த ஊர்க் குளிரும் எப்படி என்று கேட்கலாம். உத்தியோகம் எப்படி என்று மட்டும் கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது. அந்த உத்தியோகத்தில் மண்ணை அள்ளிப் போட்டவனே நான்தான். உன் கம்பெனிக்கு எங்கள் சங்கத்திலிருந்து உன்மேல் ஒரு புகார்க் கடிதம் வந்திருக்குமே, ‘தங்கள் ஊழியர் அமைத்துக் கொடுத்த புரோகிராம் கோளாறானது, அதனால் ஏழைத் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டனர்’ என்று, அதை எழுதியது செயலாளர் இல்லை. நான். பழைய டைப்ரைட்டரில், பிழையில்லாமல், இரண்டு நகலோடு.

போனில் நீ கூப்பிட்டபோது மூன்று நிமிஷம்தான் இருந்தது. மூன்று நிமிஷத்தில் பொய்தான் சொல்ல முடிந்தது. உண்மை நீளமானது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஆகஸ்டில் நீ வந்து எங்கள் ஏலத்தோட்டக்காரர்கள் சங்க ஆபீஸில் அந்தக் கம்ப்யூட்டரை வைத்து, ஒன்பது நாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாய். முப்பத்தோரு வருஷம் தலைமைக் கிளார்க்காக இருந்தவனுக்கு ஒரு புதுச் சோலி கற்றுக்கொடுப்பது எருமையை மாடிப்படி ஏற்றுகிற மாதிரி என்று உன் அத்தை சொன்னாள். நீ சிரிக்கக்கூட இல்லை. பொறுமையாகத்தான் சொன்னாய். டைரக்டரி என்றால் அறை, ஃபைல் என்றால் அந்த அறையில் இருக்கிற கட்டு, என் கட்டுகள் இருப்பது என் அறை, அச்சடிக்க வேண்டியது போய்ச் சேர வேண்டியது அச்சு அறை என்று சொன்னாய். பிறகு அந்த இன்ஸ்டால் கட்டளை. நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “மாமா, நாத்தங்கால்ல இருந்து ஏலநாத்தைப் பிடுங்கிக் குழியில வைக்கிறோம்ல, அதேதான். மொதல்ல எதை எடுக்கணும்னு சொல்லணும். அப்புறம் எங்க வைக்கணும்னு சொல்லணும். குழியில ஏற்கனவே ஒரு செடி நின்னா அது உங்களைக் கேக்காது. அதைத் தூக்கிப் போட்டுட்டு இதை வச்சுரும். நடுவுல ஒரு கோடு போட்டு சி அடிச்சீங்கன்னா நாத்தங்கால்ல ஒரு நகல் பத்திரமா இருக்கும். அடிக்காம விட்டீங்க, அங்க ஒண்ணுமே மிஞ்சாது.”

இதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியபடி செய்தேனா என்பதுதான் வழக்கு. முதலில் அந்த சி விஷயம். மாப்ளே, அந்த மிஷினுக்குத் தேங்காய் உடைத்து, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் நசுக்கி உள்ளே கொண்டுவந்தோம். அப்படிப்பட்டதைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் ‘சீ’ என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இங்கிலீஷ் எழுத்துத்தான், தெரியாமல் இல்லை. இருந்தாலும் விரல் அந்தப் பொத்தானுக்குப் போகும்போது வாய் தானாக ‘சீ’ என்கிறது, பியூன் அமாவாசை திரும்பிப் பார்க்கிறான். நீ ஊருக்குப் போன மறுநாளிலிருந்தே அதை விட்டுவிட்டேன். இரண்டாவது, ரூட்டாக உள்ளே போகாதீங்க, உங்க பேரிலேயே போங்க என்றாய். ரூட் என்றால் எனக்குத் தெரிந்தது குரங்கணி ரூட்டு, தேவாரம் ரூட்டு. ஆனால் அந்தப் பேரில் போனால் மிஷின் எந்தக் கதவையும் சாத்துவதில்லை, ‘உனக்கு அனுமதி இல்லை’ என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்வதில்லை என்று கண்டுகொண்டேன். தலைமைக் கிளார்க்குக்கு அதுதானே மரியாதை என்று தினமும் ரூட்டாகவே போனேன். என் பெயரில் போயிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை அது என்னைத் தடுத்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

இனி கண் முகாம். டிசம்பர் நாலாம் தேதி மதுரையிலிருந்து கண் டாக்டர்கள் போடிக்கு வந்து, மலையில் ஏலப்பழம் எடுக்கிற ஆட்களுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்வதாக ஏற்பாடு. யார் யாருக்குப் புரை இருக்கிறது என்று பார்த்து எழுதும் வேலையை எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஆயாவாக இருக்கிற ராக்குவிடம் கொடுத்தார்கள். நாற்பது வயது இருக்கும், நீ பார்த்ததில்லை. அவள் இரண்டு மாதம் குரங்கணிக்கு மேலே லயம் லயமாக ஏறி, அந்த வரிசை வீடுகளில் ஒவ்வொருவர் முன்னாலும் விரலைக் காட்டி எண்ணச் சொல்லி, இருநூற்றுப் பன்னிரண்டு பேரை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக் கொண்டுவந்தாள். வெறும் பெயர் இல்லை. ‘மொக்கம்மாள், கொட்டகுடி மேல் லயம், வலது கண் சுத்தமாக இல்லை, இடது கண்ணில் மூன்று விரல் வரை சொல்வாள், மருமகளிடம் சொன்னால் வந்து சேராது, அவளிடமே சொல்லவும்.’ இப்படி ஒவ்வொன்றும் நாலு வரி. நான் பெயரையும் லயத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கதை என்று தள்ளிவிட்டேன். பன்னிரண்டு நாள் ஒற்றை விரலால் தட்டி, என் அறையில் கட்டாக வைத்தேன்.

நோட்டை என்ன செய்தேன் என்று கேள். மிஷின் வந்த பிறகு ஆபீஸில் பழைய காகிதம் எதுவும் இருக்கக்கூடாது என்று தலைவர் ராஜாராம் சொல்லியிருந்தார். எதிரே டீக்கடை ஒச்சப்பன் பேப்பர் கேட்டுக்கொண்டே இருந்தான். ராக்கு வந்து, “நோட்டைக் கொடுங்கய்யா, நான் வச்சுக்கிர்றேன்” என்று கேட்டபோது, “இனி நோட்டு எதுக்கு ராக்கு? எல்லாத்தையும் மிஷின்ல ஏத்தியாச்சு, அதுக்கு மறதியே கிடையாது” என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். அன்று மாலையே மற்றக் காகிதங்களோடு அதுவும் டீக்கடைக்குப் போயிற்று.

நவம்பர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம். உள்ளே வைக்கிற கடிதத்தைத் தமிழில் பிரஸ்ஸில் அடித்து வைத்திருந்தோம். மேலே ஒட்டுகிற முகவரியை மட்டும் மிஷின் அடிக்க வேண்டும். அந்தக் கடிதம்தான் ஜீப்புக்குச் சீட்டு, அது இல்லாமல் மலையிலிருந்து யாரையும் ஏற்ற மாட்டார்கள். அச்சு அறையில் அக்டோபரில் நடந்த சங்க ஆண்டுவிழா விருந்துக்கு அழைத்த தோட்ட முதலாளிகள் தொண்ணூற்று நாலு பேரின் கட்டு அப்படியே கிடந்தது. என் அறையில் கண் கட்டு. நான் செய்ய வேண்டியது, என் அறையை முதலில் சொல்லி அச்சு அறையைப் பிறகு சொல்வது. நான் அச்சு அறையை முதலில் சொன்னேன். முதலாளிகள் கட்டு இருக்கிற பெரிய இடம், முன்னால் சொல்வதுதான் மரியாதை என்று தோன்றியிருக்கலாம், இல்லை, பசியாகவும் இருந்திருக்கலாம். அது ஒரு வார்த்தை பேசவில்லை. விருந்துக் கட்டு அச்சு அறையிலிருந்து கிளம்பி என் அறைக்கு வந்து கண் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. கண் கட்டு போயே போயிற்று. பிறகு அச்சடி என்றேன். அச்சு அறையில் ஒன்றும் இல்லை என்றது. ஓகோ, இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று இந்தத் தடவை சரியான வரிசையில் அடித்தேன். என் அறையில் இருந்தது அச்சு அறைக்குப் போயிற்று. அச்சும் ஓடியது. அமாவாசைக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. பசை தடவிக்கொண்டே, “என்னண்ணே, இம்புட்டு வெரசா முடிஞ்சிருச்சு?” என்று கேட்டான். “மிஷின்னா சும்மாவா?” என்றேன். எண்ணிப் பார்த்திருந்தால் போதும். ஒரு நிமிஷ வேலை. நான் சாப்பிடப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை திருப்பதி என்கிற தேவாரத்துத் தோட்டக்காரர் பஸ்சிலிருந்து இறங்கி நேராக என் மேஜைக்கு வந்தார். கையில் எங்கள் கடிதம். ‘தங்களுக்குக் கண்புரை முற்றியிருப்பது கண்டறியப்பட்டுள்ளதால், தலைக்குக் குளித்து, ஒரு மாற்றுத்துணியோடும் துணைக்கு ஒருவரோடும், வெற்றிலை புகையிலை போடாமல், காலை ஆறு மணிக்கு ஜீப்பு நிற்குமிடத்துக்கு வரவும்.’ “யாருக்குடா கண்ணு தெரியல?” என்று அவர் போட்ட சத்தத்தில் டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள். “யானை அரை மைல்ல வந்தா இருட்டுலயே கொம்பை எண்ணிச் சொல்றவன்டா நான். உனக்கு நான் துணைக்கு ஒராளைக் கூட்டிக்கிட்டு வரணுமா?” என்ன நடந்தது என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது மாப்ளே, இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. முகாமைத் துவக்கி வைக்க உங்களை அழைத்த கடிதம், பிரஸ்காரன் மாற்றி வைத்துவிட்டான் என்று சொல்லி அவரை அனுப்பினேன். சந்தோஷமாகப் போனார். அன்று மட்டும் ஏழு பேரிடம் முகாமைத் துவக்கி வைக்கச் சொல்லிவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் தலைவர் ராஜாராம் வந்தார். கதவைச் சாத்தினார். சீட்டுக் கிழிந்தது என்று எழுந்து நின்றேன். அவர் மெதுவாக என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, “அழகுமலை, எப்படிய்யா கண்டுபிடிச்சே?” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “வலது கண்ணு ரெண்டு வருசமா மங்கல்யா. வீட்டுல கூடச் சொல்லல. ஏலத்துல காய் தரம் பாக்கிறப்ப கையில எடுத்து முகர்ந்து பாத்துச் சமாளிச்சுக்கிட்டிருக்கேன். நீ கொண்டாந்து நீட்டுற தாள்லயெல்லாம் எங்க கையெழுத்துப் போடணும்னு கூடத் தெரியாமத்தான் போடுறேன். யாரு சொன்னா உனக்கு?” அந்த இடத்தில் ஒரு யோக்கியன் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பான். நான், “மிஷின் சொல்லுச்சுங்கய்யா” என்றேன். அவர் எழுந்து போய் அந்தக் கம்ப்யூட்டரின் மேல் கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்.

அவர் போனதும் உனக்கு டிரங்க் கால் போட்டேன். மூன்று மணி நேரம் காத்திருந்து கிடைத்தது. நீ குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரம்மா கன்னடத்தில் என்னவோ சொன்னார்கள், அதில் ‘டெல்லி’ மட்டும் புரிந்தது. நீ வந்தால் மிஷின் வயிற்றிலிருந்து எப்படியாவது அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் வெளியே எடுத்துவிடுவாய் என்று நம்பிக்கொண்டு, செவ்வாய், புதன், வியாழன் மத்தியானம் வரை ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. பயம் பாதி, மானம் பாதி. அந்த மூன்று நாளை நினைத்தால்தான் இப்போது எனக்குச் சோறு இறங்கவில்லை. அடித்தது தவறுதலாக. சும்மா இருந்தது தவறுதலாக இல்லை.

வியாழன் மாலை ராக்கு வந்தாள். “என்னங்கய்யா, எங்க ஆளுகளுக்கு ஒரு காயிதம் கூட வந்து சேரலியே. இன்னும் பத்து நாள்தான கெடக்கு?” என்றாள். “போன வெள்ளிக்கிழமையே தபால்ல போயிருச்சே ராக்கு.” “யாருக்குப் போச்சு?” என்றாள். நான் மேஜையில் இருந்த பசை டப்பாவை மூடினேன். “சரி, நோட்டைக் கொடுங்க. நானே போயிச் சொல்லிக்கிர்றேன்.” நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கண் ஜன்னல் வழியாக எதிர்க்கடைக்குப் போய்விட்டது. அங்கே ஒரு லாரி டிரைவர் கோடு போட்ட தாளில் பஜ்ஜி வைத்துத் தின்றுகொண்டிருந்தார். அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, இது எங்க பொன்னுமணி!” என்றாள். அவர் மிரண்டுபோய், “இல்லம்மா, இது வாழைக்கா பஜ்ஜி” என்றார். பொன்னுமணி குரங்கணி கீழ் லயத்தில் இரண்டு கண்ணிலும் புரையோடு இருக்கிற கிழவி என்று அந்த டிரைவருக்கு யார் சொல்வது? நான் ஓடிப்போய் ஒச்சப்பனின் பேப்பர் அடுக்கைப் புரட்டினேன். பதினோரு தாள் கிடைத்தது. எண்ணெய் பட்டதால் முன்பக்கத்துப் பெயரும் பின்பக்கத்துப் பெயரும் ஒன்றாகத் தெரிந்தன. சட்னி பட்ட இடத்தில் இரண்டு குடும்பம் போய்விட்டது. ஐம்பத்தெட்டுப் பேரைத் தேற்றினோம். ராக்கு என்னைத் திட்டவில்லை. தாள்களை ஒவ்வொன்றாக முந்தானையில் ஒற்றி எடுத்து அடுக்கிக்கொண்டு, “ரெண்டு மாசம்ங்கய்யா” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டம், தலைவர் வரவில்லை. ஜீப்புக்காரர்கள் வழியாக விஷயம் பரவி, ஆட்களுக்குக் கடிதம் போகவில்லை என்று செயலாளர் கேள்வி கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தபால்தலை மாற்றி ஒட்டியதாகக்கூட என்மேல் சொல் கிடையாது. நான் எழுந்து, “பெங்களூர்ல இருந்து வந்த புரோகிராம்ல கோளாறுங்கய்யா, பேரை முழுங்கிருச்சு” என்றேன். “உங்க மருமகன் போட்டதுதானே?” என்று ஒருவர் கேட்டார். “மருமகன்னு பாத்தா நியாயம் நிக்குமா?” என்றேன். என் நேர்மையைப் பார்த்து இரண்டு பேர் தலையசைத்தார்கள். அந்தத் தலையசைப்பை நான் சாகிற வரை மறக்க முடியாது. புகார் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். சனிக்கிழமை காலை நீ டெல்லியிலிருந்து திரும்பி வந்து போன் செய்து, “மாமா, கோடு போட்டு சி அடிச்சீங்களா?” என்று கேட்டாய். “எல்லாம் அடிச்சேன்” என்றேன். “வரிசை சரியா இருந்துச்சா?” “சரியாத்தான் இருந்துச்சு.” “அப்ப எங்கிட்டதான் தப்பு இருக்கும் மாமா, நீங்க வெசனப்படாதீங்க” என்றாய். நீ என்னைத் திட்டியிருக்கலாம்.

அன்று மத்தியானமே நான் ராக்குவோடு மலை ஏறினேன். யாரும் போகச் சொல்லவில்லை. உன் அத்தை, “அம்பத்தேழு வயசுல இவருக்கு மலை கேக்குது. முழங்கால்ல தைலம் தேய்க்க நானுல்ல கெடக்கேன்” என்று சொல்லிக்கொண்டே புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். குரங்கணி வரை ஜீப்பு. அதற்கு மேல் நடை. ஆறு நாள், மாப்ளே. அட்டைக்கடிக்கு நான் புகையிலையைத் தேய்த்துக்கொண்டு போனதில் அட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் தலை சுற்றியது. ராக்கு முன்னால் போவாள், திரும்பிப் பார்க்க மாட்டாள், ஆனால் நான் பின்தங்கினால் ஏதாவது ஒரு பாறையில் உட்கார்ந்து செருப்பைத் தட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பெயர்கள் வரிசையாக நினைவில் இல்லை. வாசல்கள்தான் நினைவில் இருந்தன. ‘இந்த வீட்டுல ஒருத்தரு, மூணாவது வீட்டுல ரெண்டு பேரு, கடைசி வீட்டுல நாய்க்குப் பயந்து நான் வெளியவே நின்னு விரலைக் காட்டினேன்.’ அந்த நாய்க்கு இந்தத் தடவை என்னைக் காட்டினாள். வேட்டியில் ஒரு முழம் போயிற்று. நான் கதை என்று தள்ளிவிட்ட நாலு வரிகள் இருந்திருந்தால் ஆறு நாள் நடை இரண்டு நாளில் முடிந்திருக்கும்.

கொட்டகுடி மேல் லயத்தில் மொக்கம்மாள் ஏலச்செடிக்கு அடியில் குத்தவைத்துப் பழம் எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணால் பார்க்கவே இல்லை. விரல் சரத்தில் ஏறி இறங்குகிறது, பழுத்ததை மட்டும் எடுக்கிறது, பிஞ்சைத் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறது. ராக்கு கூப்பிட்டதும் தலையை வேறு பக்கம் திருப்பி, “ராக்குவா? காயிதம் கொண்டாந்தியா?” என்றாள். “இல்ல ஆத்தா, மறுபடி பேரு எழுதணும்.” “எழுதிட்டுத்தான போன? மொத எழுதினது என்னாச்சு?” ராக்கு என்னைப் பார்த்தாள். நான் முன்னால் போய், “அந்தப் பேருக மேல வேற பேரு விழுந்துருச்சு ஆத்தா” என்றேன். “யாரு பேரு?” “தோட்டக்காரக பேரு.” அவள் கை நிற்கவே இல்லை. “அது எப்பவும் விழுறதுதானப்பா” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மழை வருகிறது என்பதைப் போலச் சொன்னாள். நான் அங்கேயே நோட்டை முழங்காலில் வைத்து அவள் பெயரை எழுதினேன். வலது கண், இடது கண், மருமகள், எல்லாம் எழுதினேன்.

டிசம்பர் இரண்டாம் தேதி நாங்கள் இறங்கி வந்தபோது நூற்று எழுபத்தொரு பேர் சேர்ந்திருந்தார்கள். நாற்பத்தொரு பேர் இல்லை. அவர்கள் மலைக்கு அந்தப் பக்கம், பூப்பாறைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் வேலுத்தாய் என்று ஒருத்தி. லயத்துக் கங்காணி சொன்னார்: “ரெண்டு வாரம் பாத்துக்கிட்டே இருந்துச்சுங்க. தபால் ஜீப்பு வர்ற சத்தம் கேட்டா ஓடியாந்துரும். எனக்கெல்லாம் எங்கிட்டு வரப்போகுதுன்னு சொல்லிக்கிட்டு முந்தாநாத்துதான் கெளம்பிப் போச்சு.” முந்தாநாள் மாப்ளே. நான் சும்மா உட்கார்ந்திருந்தது மூன்று நாள்.

முகாம் நடந்தது. ஜீப்புகள் எட்டு நடை வந்தன. எங்கள் தவறான கடிதத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்து கண்ணைக் காட்ட வந்த முதலாளிகள் ஒன்பது பேர், அதில் ஐந்து பேருக்கு உண்மையாகவே புரை இருந்தது. தலைவர் ராஜாராம் பாயில் மொக்கம்மாளுக்கு அடுத்தபடி கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். திருப்பதி துவக்கி வைக்க மாலை வாங்கிக்கொண்டே வந்திருந்தார், அவரைப் போல இன்னும் ஆறு பேர் வந்திருந்தார்கள். ஏழு பேரும் ஒரே கத்தரிக்கோலைப் பிடித்து ரிப்பனை வெட்டினார்கள். கட்டு அவிழ்த்த அன்று மொக்கம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்கதான் அன்னைக்கு மேல வந்தவுகளா? குரலைக் கேட்டு நல்ல ஒசரமான ஆளுன்னுல்ல நெனச்சேன்” என்றாள். ராக்கு அப்போதுதான், இரண்டு வாரத்தில் முதல் தடவையாக, சிரித்தாள்.

ஆகவே மாப்ளே, தப்பு உன்னுடையது இல்லை. வரிசையை மாற்றியவன் நான், சி அடிக்காதவன் நான், ரூட்டாக உள்ளே போனவன் நான், எண்ணிப் பார்க்காமல் சாப்பிடப் போனவன் நான். எல்லாவற்றையும் நாலு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். நாளை மாலை கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்கப் போகிறேன். இந்தக் கடிதத்தை உன் மேனேஜரிடம் காட்டு. தமிழ் தெரியாதவராக இருந்தால் நீயே படித்துச் சொல்லு, எனக்காக எந்த வரியையும் விட்டுவிடாதே. இனி அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிற அறைப் பக்கம்கூட நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன். வயதில் மூத்தவன் மன்னிப்புக் கேட்டால் சின்னவனுக்கு ஆகாது என்பார்கள், அதனால் மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதவில்லை. நீயே புரிந்துகொள்.

நீ தீர்க்காயுசாய் இருந்து, மேன்மேலும் உயர்ந்து, சீக்கிரம் ஒரு நல்ல பெண்ணைக் கைப்பிடித்து, என் போன்ற ஆட்களுக்கு எதையும் கற்றுக்கொடுக்கும் நிலை இனி உனக்கு வராமல் இருக்க நம் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். உன் அத்தை உனக்காக முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், பொங்கலுக்கு வந்தால் கிடைக்கும். உன் அம்மாவிடம் இதில் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மாமன்,
அழகுமலை

பி.கு. 12-ந் தேதி இரவு ஏழு மணி. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை, அதனால் சேர்த்து எழுதுகிறேன். இன்று கூட்டத்தில் நான் எழுந்து நிற்பதற்குள் தலைவர் ராஜாராம் எழுந்துவிட்டார். “எங்க வீட்டுல உள்ளவகளுக்கே தெரியாத எங்கண்ணுப் புரையை அந்த மிஷின் கண்டுபிடிச்சிருக்கு. அதைக் குறை சொல்லிக் காயிதம் எழுதினா நம்மளை என்ன நினைப்பாக?” என்றார். உன்மேல் போட்ட புகாரை வாபஸ் வாங்கி, உன்னைப் பாராட்டி உன் கம்பெனிக்குத் தந்தி கொடுத்தாயிற்று. மிஷினைப் பார்த்துக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் வேலை நீட்டிப்பும் கொடுத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். நாளைக் காலையிலிருந்து அந்த அறையில்தான் இருப்பேன். ஆகையால் மேலே எழுதியதை மேனேஜரிடம் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு. முகாமுக்காகப் பாடுபட்டவர்களுக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானமும் போட்டார்கள். தலைவருக்கு, டாக்டர்களுக்கு, ஜீப்புக்காரர்களுக்கு, ரிப்பன் வெட்டிய ஏழு பேருக்கு, மிஷினுக்கு, எனக்கு. ராக்குவின் பெயர் அதில் இல்லை. தீர்மானத்தை எழுதியது நான்தான்.